பத்து நாளில் 2,400 கிலோமீட்டர்: சின்ன ஊர், காடு, கடற்கரை மூன்றும் ஒரே பயணத்தில் அடங்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: சொந்தக் காரில் பத்து நாள். ஓட்ட இரண்டு பேர், கூடவே எழுபது வயது அப்பா, பத்து வயது மகள். சின்ன ஊர்கள், காடு, கடற்கரை என்று பதினான்கு இடங்களைக் குறித்திருக்கிறீர்கள். வரைபடச் செயலி மொத்தம் 2,400 கிலோமீட்டர், 48 மணி நேரம் என்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம்கூட வரவில்லையே, தாராளமாக முடியும்தானே, எந்த வரிசையில் போகலாம், எல்லா அறைகளையும் இப்போதே பதிவு செய்துவிடலாமா என்று மூன்று கேள்வி. இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: பட்டியலில் எதை விடுவது? அதற்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றும் தானாக அவிழும்.

பல வருடம் சுற்றுலா வண்டி ஓட்டினேன். இப்போது மற்றவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். எந்த நாட்டுச் சாலை என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எங்கேயும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன். எது உறுதியானது, எது என் பழக்கம் மட்டும் என்பதையும் பிரித்தே சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 48 மணி நேரம். அது சக்கரம் உருளும் நேரம் மட்டும். எரிபொருள் போட நிற்பது, கழிப்பறை, சாப்பாடு, "அப்பா, அங்கே நிறுத்து" என்று மகள் கத்துவது எதுவும் அதில் இல்லை. நல்ல நெடுஞ்சாலை என்றால் செயலி காட்டும் நேரத்தோடு பத்துக்கு மூன்று பங்கு கூட்டுவேன். மலை, காட்டுச் சாலை என்றால் பாதி கூட்டுவேன். இது என் கைக்கணக்குதான், ஆய்வு முடிவு இல்லை. உங்கள் கலவைக்கு நடுவே 1.4 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 48 மணி நேரம் 67 ஆகிறது. எங்கும் தங்காமல் பத்து நாளுக்கும் பங்கிட்டால்கூட நாளுக்கு ஏழு மணி நேரத்தைத் தொடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் ஒரு நாளில் ஓட்டக்கூடியது பொதுவாக 9 மணி நேரம், நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அது பிழைப்புக்கு ஓட்டுகிறவருக்கு வைத்த உச்ச வரம்பு. விடுமுறைக்குப் போகிறவர் அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை. வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து அடுத்த அறைக் கதவைத் திறக்கும் வரை ஆறு மணி நேரம் என்பது நான் குடும்பங்களுக்கு வைக்கும் எல்லை. பத்து நாளில் இரண்டு நாள் காரையே தொடாதீர்கள். மிச்சம் எட்டு நாள், ஆறு மணி நேரம் வீதம் 48 மணி நேரம், அதை 1.4ஆல் வகுத்தால் செயலிக் கணக்கில் சுமார் 34. ஆக, உங்கள் திட்டத்தில் பத்துக்கு மூன்று பங்கு வெட்டியாக வேண்டும். முதல் கேள்விக்கு இதுதான் பதில்: முடியும், ஆனால் பதினான்கு இடங்களோடு முடியாது.

களைப்பைப் பற்றி இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை உடம்பு தானாகவே மந்தமாகும், மதியம் குறைவாகச் சாப்பிட்டிருந்தாலும் சரி. இரண்டாவது, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். "ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் போக்குவரத்து இருக்காது" என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி கண் செருகினால் அறுபது மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத கார். ஜன்னலை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். தூக்கம் வந்தால் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுவதுதான் வேலை செய்யும். அதற்கு முன்னால் ஒரு காபி குடித்தால் எழும்போது அதன் வேகம் பிடிக்க ஆரம்பித்திருக்கும். இரண்டு பேர் ஓட்டுவதால், களைத்த பிறகு மாற்றாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். களைத்தவருக்குத் தான் களைத்தது கடைசியில்தான் தெரியும்.

இனி வரிசைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் வரைபடத்தில் புள்ளிகளை இணைத்துக் கோடு போடுகிறார்கள். அதில் தவறு இல்லை, ஆனால் ஊரும் காடும் கடலும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. காடு சூரியனைப் பார்த்து நடக்கிறது. கடல் நிலவைப் பார்த்து. சின்ன ஊர் கடைக்காரரின் சாவிக்கொத்தைப் பார்த்து. நான் திட்டம் போடும்போது தூரத்தைக் கடைசியில்தான் எழுதுவேன். ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் அன்றைய சூரிய உதயம், அஸ்தமனம். அடுத்ததில், கடற்கரை நாள் என்றால் கடல் வற்றும் நேரம்; காட்டு நாள் என்றால் வாயில் திறந்து மூடும் நேரம். மூன்றாவதில் அன்று என்ன கிழமை. நான்காவதில்தான் எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம். முதல் மூன்று கட்டங்கள் நிறைந்ததும் பாதித் திட்டத்தை அதுவே போட்டுவிடும்.

கடலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலத்தில் வளர்ந்தவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். இன்று காலை 9:10க்கு வற்றும் கடல் நாளை பத்து மணியளவில் வற்றும், மறுநாள் 10:50ஐ ஒட்டி. பாறைக்குகை, வற்றினால் மட்டும் நடந்து போகக்கூடிய திட்டு, பாறைக்குழிகளில் தங்கும் சிறு உயிரினங்கள் என்று ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் அந்த நாளைத் தீர்மானிப்பது இந்த நேரம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பாறைக்கரையைப் பார்க்க அதுவே நல்ல சமயம், மாட்டிக்கொள்ளவும் அதுவே. எல்லாக் கரையும் ஒரே மாதிரி இல்லை: மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது, மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம். அதனால் பொது விதியை நம்பாமல், போகிற கரைக்கென்று வெளியிடப்பட்ட ஏற்றவற்ற அட்டவணையையே பாருங்கள்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வற்றி முடிந்து ஏறத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் மும்மூன்று பங்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதிக் கடல் வந்துவிடுகிறது. இது மாலுமிகளின் தோராயக் கணக்கு, ஆனால் ஆளை ஏமாற்றும் விதத்தைச் சரியாகக் காட்டுகிறது: முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லையே என்று மணலில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது. பிரான்ஸில் நுவார்முத்தியே தீவுக்குப் போகும் குவா சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்குகிறது. சிக்கியவர்கள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுச் சாலையிலும் அப்படித்தான். நேர அட்டவணையைச் சாலை ஓரத்திலேயே எழுதி வைத்தும் அங்கே கார்கள் மூழ்குவது நிற்கவில்லை. என் வழக்கம்: வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, வற்றிய நேரத்திலேயே திரும்ப ஆரம்பிப்பது. கடல் பின்வாங்கும்போது உள்ளே போகிறோம், அது திரும்பும்போது நாமும் திரும்புகிறோம். மணலில் காரை இறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அது வேண்டாம். உங்கள் காப்பீடு அதை ஏற்குமா என்பதும் சந்தேகம்.

காடு. இங்கே ஒரே விதி போதும்: பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வெளியே, அல்லது காட்டுக்குள் தங்கும் அறையில். விடியலுக்கு முன்பின்னும் அந்தி நேரத்திலும்தான் மான் முதலான பல விலங்குகள் அதிகம் நடமாடும். ஓட்டுபவரின் கண்ணுக்கு வெளிச்சம் போதாத நேரமும் அதுதான். தாழ்வாக வைத்த முகப்பு விளக்கு சுமாராக ஐம்பது அறுபது மீட்டர் காட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார், உலர்ந்த சாலையிலேயே, பார்த்து மிதித்து முழுதாக நிற்க 55 மீட்டருக்கு மேல் எடுக்கும். பார்த்த பிறகு நிறுத்த இடமில்லை என்று அர்த்தம். ஒரு மான் குறுக்கே ஓடி மறைந்தால் உடனே வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். சிறிய விலங்கு திடீரென்று வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் நேர்கோட்டில் பிரேக் பிடியுங்கள். உயிர்ச் சேதம் பெரும்பாலும் மரத்தில் மோதுவதாலும் எதிர் வண்டியில் மோதுவதாலும்தான். யானை மாதிரி பெரியது சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரனைத் தொடாமல், பின்னால் எடுக்க இடம் வைத்துக் காத்திருங்கள். படம் எடுக்க இறங்குவது பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

காட்டுச் சாலைகள் பல நேரம் நம் வசதிக்குத் திறந்திருக்காது. பந்திப்பூர் காட்டின் வழியாகக் கர்நாடகத்தின் குண்டல்பேட்டையையும் கேரளத்தின் சுல்தான் பத்தேரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. வேறு நாடுகளில் பனிக்காலம் முழுக்க மூடும் சாலையும், காட்டுத் தீ ஆபத்தால் ஒரே இரவில் மூடும் சாலையும் உண்டு. செயலி சில நேரம் இது தெரியாமலே அந்த வழியைக் காட்டும். வனத்துறை அல்லது சாலைத்துறையின் சொந்த அறிவிப்பை முந்தின நாள் மாலை பார்ப்பதுதான் பாதுகாப்பு. உள்ளே கைபேசி சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அன்றைய வழியையும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

சின்ன ஊர்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. கிழமை பாருங்கள், அவ்வளவுதான். சந்தை கூடும் நாளில் ஊர் உயிரோடு இருக்கும், காரை நிறுத்த இடம் இருக்காது. வார விடுமுறை நாளில் நிம்மதியாக நடக்கலாம், சாப்பாட்டுக்கு அலையலாம். திருவிழா என்றால் அறை கிடைக்காது, நடுத்தெருவே மூடியிருக்கும். அடுப்பை சீக்கிரம் அணைத்துவிடுவார்கள், அதனால் ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்கு நம்பாதீர்கள். நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெளிச்சத்தில் ஒரு நடை நடந்து ஊரைப் பார்க்கலாம். இருட்டிய பின் சேர்ந்து விடிந்ததும் கிளம்பினால் அந்த ஊரில் தூங்கினோம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இப்போது வரிசை. என் விருப்பம் காடு முதலில், ஊர்கள் நடுவில், கடல் கடைசியில். காட்டுக்கு விடியற்காலை எழ வேண்டும், அந்தத் தெம்பு முதல் சில நாள்தான் இருக்கும். கடலோரத்தில் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், களைத்த குடும்பத்துக்கு அது தோது. கடலோரமாக எந்தத் திசையில் ஓட்டுவது என்பதற்கு மட்டும் திட்டமான காரணம் உண்டு: கடல் உங்கள் பக்கத்துச் சாலை ஓரத்தில் வர வேண்டும். அப்போதுதான் எதிர் வரிசையைக் கடக்காமல் காட்சி முனைகளில் ஒதுங்கலாம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடல் இடப்பக்கம், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம். ஆஸ்திரேலியாவின் 243 கிலோமீட்டர் கிரேட் ஓஷன் சாலையில் பலர் கிழக்கிலிருந்து மேற்கே போவதற்கும், கலிஃபோர்னியாவின் ஒன்றாம் எண் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே இறங்குவதற்கும் இதுவே காரணம். இதோடு மாலையில் நெடுநேரம் மேற்கு நோக்கி ஓட்டுவதைத் தவிருங்கள். தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

கடலோரச் சாலைக்கு இன்னொரு குணம்: ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர், இடையில் அந்த ஒரே சாலை. 2017 மே மாதம் கலிஃபோர்னியாவின் பிக் சர் பகுதியில் மலைச்சரிவு அந்த ஒன்றாம் எண் சாலையை மூடியது. திரும்பத் திறந்தது 2018 ஜூலையில். அப்படி மூடினால் பக்கத்து ஊருக்குப் போகவே பல மணி நேரம் உள்நாட்டைச் சுற்ற வேண்டும். ஆகவே கடலோர நாள்களில் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் அது ஓய்வு நாள், இல்லாவிட்டால் சுற்றுவழி நாள்.

மூன்றாவது கேள்வி, அறை. முதல் இரவு, காட்டுக்குள் தங்கும் இரவுகள், கடைசி இரவு, இடையில் விடுமுறை நாளோ திருவிழாவோ வந்தால் அது: இவற்றை இப்போதே பதிவு செய்யுங்கள். மற்றதை இரண்டு நாள் முன்னால் பார்த்துக்கொள்ளலாம், அல்லது ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். எல்லா இரவையும் கட்டிப்போட்டால் மழை வந்தாலும் ஓடியே ஆக வேண்டும். ஒன்றையுமே பதிவு செய்யாவிட்டால் அப்பாவையும் மகளையும் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு அறை தேட வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில் இரண்டு இரவு. தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பது ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சமமான அலுப்பு. துணி துவைக்கவும் அந்த இரண்டாவது நாள்தான் கிடைக்கும்.

காரைப் பற்றி: நான் மெக்கானிக் இல்லை, எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முந்தின நாள் காட்டினால் பழுது தெரியும், சரி செய்ய நேரம் இருக்காது. நீங்களே பார்க்கக்கூடியது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ரப்பர் ஓடாமலே முதுமையடையும், அதனால் பட்டை நன்றாக இருந்தாலும் பல வருடம் ஆன டயரைக் காட்டிக் கேளுங்கள். காற்றை டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறும்போது வேண்டிய அளவு தனி. பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். உதிரி டயரையும் அமுக்கிப் பாருங்கள். பல புதிய கார்களில் உதிரியே கிடையாது, அடைக்கும் மருந்தும் சின்ன பம்பும்தான். அது உங்கள் காரா என்று காட்டுக்குள் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். மலையிலிருந்து இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது முழு உண்மை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும், கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலை வழுக்கும், எண்ணெயும் தூசியும் மேலே வருவதால். எரிபொருள் பாதிக்குக் கீழே போகும்போதே நிரப்புவது காட்டுப் பக்கத்தில் நல்ல பழக்கம். மின்சாரக் கார் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்றாக இன்னொரு சார்ஜரை எட்டும் அளவு மின்சாரம் கையில் இருக்க வேண்டும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் திட்டத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மணிக்கணக்காகக் காலை அசைக்காமல் உட்கார்ந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து வயதோடு கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார், அதைக் கவனியுங்கள். அவர் சாப்பிடும் மருந்து, இதயம், சர்க்கரை இதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது, நான் சொல்லக்கூடாது. மகளுக்கு வளைவுச் சாலையில் குமட்டினால் கைபேசியை வாங்கிவிட்டுத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எதை வெட்டுவது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். இடங்களின் பெயர் தெரியாமல் இதை அடி, அதை வை என்று என்னால் சொல்ல முடியாது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நான் சொன்ன தாளில் பதினான்கையும் எழுதுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் போய்ச் சேர முடியும் என்று வருகிற இடங்களை முதலில் அடியுங்கள். அடுத்து, நீங்கள் அங்கே இருக்கும் நாளில் கடல் வற்றாத, வாயில் திறக்காத, கடை மூடிய இடங்களை. அதற்கும் பிறகு ஒன்பதுக்கு மேல் மிச்சம் இருந்தால், நால்வரும் தனித்தனியாக ஆளுக்கு மூன்று இடம் தேர்ந்தெடுக்கட்டும், பத்து வயதுக்காரியும் சேர்த்து. யாருமே குறிக்காத இடத்தை விட்டுவிடலாம். அப்படி மீந்த பட்டியலையும் மாதத்தையும் நாட்டையும் எழுதினால், எந்தெந்த இரவு எங்கே தங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.